எடை குறைந்த துப்பாக்கி

ஹோக்கிடிகா ஊர்த் துப்பாக்கிக் கடையின் கண்ணாடியில் மழை வழிகிறது. ஷோனா ஒரு குட்டையான ரைஃபிளைத் தோளில் பொருத்திப் பார்க்கிறாள். மான் வேட்டைக்கு இப்போதெல்லாம் அவளோடு மலையேறும் முர்ரே, அவள் முழங்கையை இரண்டு விரலால் மெல்ல உயர்த்திவிடுகிறான். மூட்டுவலியால் வீட்டோடு கிடக்கும் அவள் கணவன் டெஸ்மண்ட், கடை நாற்காலியில் உட்கார்ந்தபடி அந்த விரல்களையே பார்க்கிறான். அவள் தோட்டா ஏற்றும் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்துத் தள்ளுகிறாள். அது வழுக்கிக்கொண்டு போய்ப் பூட்டுகிறது. முர்ரே திருப்தியாகச் சிரிக்கிறான்.

"உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு," என்கிறான் டெஸ்மண்ட், பல்லைக் கடித்துக்கொண்டு.

"எனக்கா? இது உனக்குப்பா. இதத் தூக்கிக்கிட்டு நீயும் எங்ககூட மெல்ல ஏறிடலாம். முர்ரேதான் தேடிப் புடிச்சான்."

அவள் அதை அவன் மடியில் வைக்கிறாள். அவனுடைய பழைய துப்பாக்கியில் பாதி எடைகூட இல்லை. இருவரும் அவன் முகத்தையே பார்க்கிறார்கள்.

"கனக்குது," என்கிறான் டெஸ்மண்ட்.