போர்வையின் மறுமுனை

ரெஜினாவின் விரல் மூட்டுகள் நான்கு வருடமாக வீங்கியே இருந்தன. அவள் உடம்பின் காவல் அணுக்களே மூட்டுகளை எதிரியென்று நினைத்துத் தாக்கின. கருவுற்றபோது, பிள்ளையைத் தூக்க இந்தக் கை உதவுமா என்று அழுதாள். ஐந்தாம் மாதம் ஒரு காலையில் விரல்கள் வலியில்லாமல் விரிந்தன. அதை நம்பவும் பயந்து, கணவன் சூசையோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டரம்மா சிரித்தார். "வயித்துப் பிள்ளைய உன் உடம்பு வேத்தாள்னு அடிச்சிடக் கூடாதில்லையா? அதுக்குத்தான் காவல் அணுக்கள அடக்கி வைக்கிற அணுக்கள் இப்ப பெருகியிருக்கு. ரெகுலேட்டரி டி செல்னு பேரு. உன் மூட்டுகளையும் அதுங்க சேர்த்துக் காப்பாத்துது."

"அப்ப எனக்குச் சரியாயிடுச்சா, டாக்டர்?"

"பிரசவத்துக்கப்புறம் வலி திரும்பலாம். வந்தா மருந்து இருக்கு, பாத்துக்கலாம்."

வீட்டில் சூசை துவைத்த போர்வையைப் பிழிய எடுத்தான். ரெஜினா ஒரு முனையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"உனக்கெதுக்கு? விடு."

"நீங்க அந்தப் பக்கம் கெட்டியாப் புடிங்க."

அவள் முறுக்கினாள். தண்ணீர் கொட்டியது. சிரித்துக்கொண்டே இன்னொரு சுற்று முறுக்கினாள். போர்வை சூசையின் கையிலிருந்து நழுவிப் போயிற்று. அவளுடைய முனை அவள் கையிலேயே இருந்தது.