பிடி ஏன் கனக்கிறது

1931 அக்டோபர் 9, வெள்ளிக்கிழமை. பினாங்கில் பகல் தொழுகை முடிந்த நேரத்தில் பிடித்த மழை நாலு மணி வரை பெய்தது.

"இந்தத் துப்பாக்கிக்கு என்மேல என்ன கோபம்னு கேட்டுச் சொல்லுங்க பாய்!" என்றபடி சூசை வாத்தியார் நனைந்த துணிச்சுருளை மேசைமேல் வைத்தார்.

சூலியா தெருவில் துப்பாக்கி பழுதுபார்க்கும் ஷேக் அலாவுதீன் சிரித்தார். "கேட்டாப் போச்சு. என்ன செய்யுது?"

"சுட்டதும் போல்ட்டுப் பிடியைத் தூக்கி இழுத்தாத்தானே காலித் தோட்டா வெளிய வரும்? தூக்க முடியல லா. ஒரு நிமிஷத்துல பத்துக் குண்டு சுடணும். போன வாரம் ஆறோட நின்னுட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை போட்டியில் தேறினால் சிங்கப்பூர் போகும் அணியில் இடம். அவர் சுடப் பழகும் கிளப்பிலிருந்து வெள்ளைக்காரர் அல்லாத ஒருவரும் இதுவரை போனதில்லை. அதற்காகச் சூசை பதினோரு வருஷம் காத்திருந்தார்.

அலாவுதீன் பிடியை ஏற்றி இறக்கி, காதைத் துப்பாக்கிமேல் சாய்த்தார். மற்றவர்கள் இரும்பைத் தடவிப் பார்ப்பார்கள். இவர் கேட்பார். தெருவே அதைப் பெருமையாகச் சொல்லும்.

"தொட்டுப் பார்க்கவே மாட்டீங்களா?"

"விரல் பொய் சொல்லும் வாத்தியாரே. காது சொல்லாது."

மழைச் சத்தத்துக்கு நடுவே டக், டக் என்று அந்த ஒலி. சூசைக்குக் கண் சொக்கியது. சில நாட்களாகவே இப்படித்தான். விழித்திருக்கும்போதே பாதிக் கனவு. தூங்கினால் முழுக் கனவு. கடலுக்கடியில் நின்று ஓர் இரும்புப் பிடியைத் தூக்கிக்கொண்டிருப்பார். பச்சைத் தண்ணீரில் கை மெதுவாக மேலே போகும். பிடி கையோடு வராது.

"தோட்டாவை வெயில்ல வச்சிருந்தீங்களா?" அலாவுதீனின் குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. "சூடேறினா மருந்து மூர்க்கமா வெடிக்கும். பித்தளை உப்பி உள்ளே ஒட்டிக்கும்."

"நிழல்லதான் இருந்துச்சு."

அலாவுதீன் காலித் தோட்டாக்களை வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார். ஒன்றும் உப்பவில்லை. போல்ட்டைக் கழற்றி, காய்ந்த எண்ணெயை மண்ணெண்ணெயில் கழுவி, புது எண்ணெய் விட்டார். ஸ்பிரிங்கைப் பிரித்துப் பார்த்துத் திரும்பப் பூட்டினார். பூட்டி முடிக்கும்வரை தன் விரல் நுனியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எல்லாம் சரியா இருக்கே."

"அப்புறம் என்னதான் லா?"

உள்ளேயிருந்து சபூரா இரண்டு கோப்பை தேநீர் கொண்டுவந்தாள். சூசையிடம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, கணவரின் கோப்பையைத் தன் விரலால் தொட்டுச் சூடு பார்த்தாள். ஊதினாள். மறுபடி தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

"கல்யாணமாகி இருபது வருஷம், இன்னும் ஊதிக் கொடுக்கறீங்க," சூசை கேலி செய்தார். "எங்க ஆலிஸ் என் தலையில ஊத்தாம இருந்தாச் சரி."

சபூரா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"சபூரா, இந்தப் பிடியைக் கொஞ்சம் தூக்கு."

"வெடிக்காதே மச்சான்?"

"காலிதான்."

அவள் இரண்டு விரலால் தூக்கினாள். "கதவுத் தாழ்ப்பாளைவிட லேசா இருக்கே வாத்தியாரண்ணே! இதுக்கா மழையில வந்தீங்க?" என்று சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

"இப்ப நீங்க," என்றார் அலாவுதீன்.

சூசை பிடித்தார். பாதி தூரம் வந்து விரல்கள் நழுவின.

அலாவுதீன் அந்தக் கையை வெளிச்சத்துக்குத் திருப்பினார். சுண்டுவிரலும் மோதிர விரலும் லேசாக உள்ளே மடங்கியிருந்தன. ஓரத்தில் ஒரு கொப்புளம்.

"இது எப்போ?"

"குழல் சூடு பட்டிருக்கும். தெரியல."

"பட்டதே தெரியலையா?" அலாவுதீன் எண்ணெய் விடும் ஊசியை எடுத்தார். "கண்ணை மூடுங்க. எந்த விரல்ல குத்துறேன்னு சொல்லுங்க."

சூசை மூடினார். மழை கேட்டது. தெருவில் ரிக்‌ஷா மணி கேட்டது. பச்சைத் தண்ணீரில் கை மெதுவாக மேலே போயிற்று.

"ம், குத்துங்க பாய்."

"நாலு தடவை குத்திட்டேன்."

கண்ணைத் திறந்தார். சுண்டுவிரலில் நாலு சிவப்புப் புள்ளிகள்.

பெருவியாதி என்னும் தொழுநோய் கண்டவர்களைக் கொண்டுபோய் வைக்கும் ஜெரஜாக் தீவு அவர் பள்ளிக்கூட ஜன்னலிலிருந்து தெரியும். "ஜெரஜாக்கா?" என்றார்.

"டாக்டர்கிட்ட காட்டுங்க. கை முழுசாப் போறதுக்குள்ள போனா நீரடிமுத்து எண்ணெய் ஊசி போடுறாங்க. சில பேருக்கு நின்னுடுதாம்."

"சில பேருக்கு! ஞாயித்துக்கிழமை முடியட்டும் பாய். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"நான் சொல்லமாட்டேன். ஆனா பிள்ளைங்களுக்கு நடுவுல நிக்கிறவர் நீங்க."

சூசைக்குக் கோபம் வந்தது. "உங்களுக்கென்ன? கடை இருக்கு, தேநீரை ஊதிக் கொடுக்க பெண்டாட்டி இருக்கா. எல்லாத்தையும் விட்டுட்டு அந்தத் தீவுக்கு நீங்க போவீங்களா? சொல்லுங்க, போவீங்களா?"

அலாவுதீன் துப்பாக்கியைத் துணியில் சுற்றிக் கட்டினார். முடிச்சு இரண்டு முறை நழுவியது.

ஞாயிற்றுக்கிழமை போட்டி சூசை இல்லாமல் நடந்தது. புதன்கிழமை காலை ஜெரஜாக்குக்குப் போன படகில் இருவர் ஏறினார்கள். பதிவேட்டில் முதல் பெயர் சூசை, ஆசிரியர், வலது கை மரத்து இரண்டு மாதம். இரண்டாவது பெயர் ஷேக் அலாவுதீன், துப்பாக்கி பழுதுபார்ப்பவர், இரண்டு கைகளும் மரத்து ஆறு வருடம்.