மீறல் பூஜ்யம்

நன்னடத்தை அலுவலர் செங்கமலத்துக்கு ஒரேயொரு கையெழுத்துதான் பாக்கி. பள்ளி வேனில் ஒரு சிறுமியிடம் அத்துமீறிச் சிறைக்குப் போய் வந்தவன் காலில், இருப்பிடம் காட்டும் ஒரு பட்டை. அவளைக் காப்பதற்கு அவள் கையில், அவன் எல்லைக்கு அருகே வந்தாலே அதிரும் இன்னொன்று. மூன்று வருடத்தில் அவன் அவளை நெருங்கியதாக ஒரு மீறல்கூடப் பதிவாகவில்லை. திட்டம் அமோக வெற்றி என்று எழுதிவிட்டுப் பட்டைகளைக் கழற்றிவிடலாம்.

இப்போது பதினாறு வயதாகிவிட்ட அந்தச் சிறுமி யாழினி, தன் வீட்டில் கையெழுத்திடப் பேனாவை எடுத்தபோது கைப்பட்டை அதிர்ந்தது. பேனாவை அப்படியே வைத்துவிட்டுக் கொல்லைக் கதவு வழியாக ஓடினாள்.

“அவன் மெயின் ரோட்டுல வர்றான் மேடம். இவ அத்தை வீட்டுக்குப் போயிருவா,” என்றாள் தாய்.

“விலக வேண்டியது அவன்தானே?”

“அவன் கிட்ட வந்துட்டா போலீஸ் ஜீப்பு எங்க வாசல்லதான வந்து நிக்கும். தெருவே வேடிக்கை பாக்கும். அதுக்கு இவளே ஒதுங்கிக்கிறா. பள்ளிக்கூடத்தையும் நிறுத்தியாச்சு.”

செங்கமலம் படிவத்தைப் புரட்டினாள். யார் விலகியது என்று எழுத அதில் இடமே இல்லை.

அரைமணி கழித்து யாழினி மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். “கையெழுத்துப் போட்டா இதைக் கழட்டிருவீங்களா மேடம்?”

“ஆமாம்மா. ரெண்டு பேரோடதையும்.”

அவள் பட்டையை மறுகையால் இறுகப் பொத்திக்கொண்டாள்.

“அப்புறம் அவன் வர்றது எனக்கு எப்படித் தெரியும்?”