இரண்டாவது ஆள்

இரண்டு பேர் உறுதி செய்யாத எதையும் வாசிக்கக் கூடாது. செய்திகளுக்கென்றே அந்த வானொலியைத் தொடங்கிய நாளில் பத்மாசனி வகுத்த விதி அது. அவள் ஓய்வு பெற்றபின் அவள் குரலிலேயே இயந்திரம் இரவும் பகலும் வாசித்தது. விதியை ஒருநாளும் மீறவில்லை.

ஏரிக்கரை உடைவதைப் பார்த்து ஓடிவந்த பத்மாசனி நிலையத்துக்குப் போன் செய்தாள். “நன்றி. இன்னொருவரும் சொன்னால் அறிவிக்கிறோம்” என்றது இயந்திரம், அவள் குரலிலேயே.

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“தெரேசா, கரை உடைஞ்சிருச்சு. நீயும் ஒரு போன் பண்ணிச் சொல்லு. பிள்ளைங்களக் கூட்டிட்டுக் கிளம்பு.”

உள்ளே ரேடியோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. தெரேசா சிரித்தாள். “ஏரி பத்திரமா இருக்குன்னு ரேடியோவுல நீங்கதானேக்கா சொல்றீங்க?”

“அது நானில்லம்மா.”

“பாக்காதத நான் எப்படிச் சொல்றது? ரேடியோ சொல்லட்டும், கிளம்பிடறேன்.”

பத்மாசனி அவள் கையைப் பிடித்து இழுத்தாள், கத்தினாள்.

“கொஞ்சம் சும்மா இருங்கக்கா. நீங்க வாசிக்கிறது கேக்கல.”