ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடும் ஃபிரிட்ஜ்

“பால் இன்னிக்கும் திரிஞ்சு போச்சு.”

முற்றத்தில் நிற்கும், தான் குடியிருக்கும் வண்டியிலிருந்து வந்த கார்மெல் பால் பாட்டிலைத் தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் டக்கென்று வைத்தாள். கூடவே தண்ணீர் சொட்டும் கறி, மீன், இளகிப்போன வெண்ணெய்.

“குடு, என் ஃபிரிட்ஜுல வைக்கிறேன்,” என்று தங்கை பெர்னி எழுந்தாள். “வந்தது வந்துட்டே, உட்காரு. சாப்பிடலாம்.”

கார்மெல் உட்கார்ந்தாள். ஆனால் விடவில்லை.

“டெஸ், வாரத்துல ஆறு நாள் இதே கதை. என்னதான் கோளாறு?”

பெர்னியின் புருஷன் டெஸ் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே சொன்னான். “வண்டி சாஞ்சு நிக்குது. அந்த மாதிரி ஃபிரிட்ஜ் மட்டமா நின்னாத்தான் குளிரும்.”

“அதைச் சொல்லித்தானே போன வாரம் சக்கரத்துக்கு அடியில பலகை வச்சே?”

“அப்ப பின்பக்கம் காத்து போகலையோ என்னவோ.”

“சரி, கரண்ட் இல்லாம கேஸ்லயும் ஓடற ஃபிரிட்ஜாச்சே, அதுல ஓட்டிக்கலாம்னா, ரொப்பிட்டு வர்றேன்னு சிலிண்டரைத் தூக்கிட்டுப் போனே. பத்து நாளாச்சு.”

“கடையில கூட்டம்.”

“விளக்கு எரியுது. கெட்டில் கொதிக்குது. ஃபிரிட்ஜ் மட்டும் சூடா இருக்கு. அதுவும் ஞாயித்துக்கிழமை மட்டும் ஒழுங்கா ஓடுது. அது என்ன, சர்ச்சுக்குப் போற ஃபிரிட்ஜா?”

“அப்ப என்னைவிட அதுக்குப் பக்தி ஜாஸ்தி,” என்றான் டெஸ்.

பெர்னி சிரித்தாள். கார்மெலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்த கோபத்தில் தட்டில் இரண்டாவது முறை போட்டுக்கொண்டதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

கார்மெலுக்கு வீடே அந்த வண்டிதான். கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் அதற்குள்ளேயே. புருஷன் கிளைவ் போன பிறகு வீட்டை விற்றுவிட்டு, ராக்ஹாம்ப்டனில் தங்கை வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தி மூன்று மாதமாகிறது. வந்த அன்றைக்கே கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

“ஒரு ஒயர் மட்டும் இழுத்துக் குடுங்க. சாப்பாடு, தூக்கம் எல்லாம் என் வண்டியில. யாருக்கும் பாரமா இருக்க மாட்டேன்.”

இப்போது அந்த ஒயரும் பாரமாகிவிட்டதாக்கும். முப்பது வருஷம் கடைகடையாகப் போய்க் குளிர் அறைகளைப் பழுது பார்த்தவன் டெஸ். முதுகு போனதால்தான் வீட்டில் இருக்கிறான். அவனுக்கா ஒரு சின்ன ஃபிரிட்ஜின் கோளாறு தெரியாது? நன்றாகத் தெரியும். இடத்தைக் காலி செய் என்று நேராகச் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலையிலேயே கடற்கரைப் பக்கம் வண்டிகள் நிறுத்தும் முகாம் ஒன்றுக்குப் போன் போட்டாள். இடம் இருந்தது. வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டாள். அந்த ஊரில் அவளுக்கு ஒரு முகம்கூடத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, யார் தயவும் வேண்டாம்.

வியாழக்கிழமை, தினமும் உதவிக்குப் போய்வந்த சர்ச்சின் பழைய துணிக்கடையில் இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பதினோரு மணிக்கே திரும்பினாள். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் அவள் திரும்ப நாலு மணியாகும்.

கேரேஜ் கதவு திறந்திருந்தது. அவளுடைய ஒயர் மாட்டியிருந்த சுவிட்சின் மேல் டெஸ்ஸின் கை. சுவிட்ச் அணைந்திருந்தது.

“நான் போனதும் அணைக்கறே. வர்றதுக்கு முன்னாடி போட்டுடறே. அதானே?”

டெஸ் கையை எடுக்கவில்லை. “ஆமா.”

“பெர்னிக்குத் தெரியுமா?”

“தெரியாது. தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவா.”

“போன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போயிருப்பேனே டெஸ். நாயைக்கூட வாயால சொல்லித்தான் துரத்துவாங்க. புருஷன் செத்து வந்து நிக்கிறவளைப் பாலைக் கெடுத்தா துரத்துவே?”

டெஸ் சுவிட்சைப் போட்டான்.

“போட்டாச்சு. இனிமே தொடமாட்டேன்.”

“இப்பப் போட்டு என்ன? நாளைக்கு நான் கிளம்பறேன். ஏன் செஞ்சேன்னு மட்டும் சொல்லிடு.”

அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

“வாராவாரம் குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு உருட்டிட்டுப் போறவன் நான். நீ வந்த முதல் மாசம் உன் குப்பைப் பையில என்ன கிடந்துச்சு தெரியுமா? கறி, மீன், முட்டை. ஒரு பாக்கெட்கூடப் பிரிக்கல. வாங்கறே, அடுக்கறே, தேதி முடிஞ்சதும் தூக்கிப் போடறே. உன் கவுன் ஹேங்கர்ல தொங்கற மாதிரி தொங்குது. பெர்னி கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தா. ‘என் ஃபிரிட்ஜ் நிறைய இருக்கு’ன்னுட்டே.”

கார்மெல் குனிந்து தன் கவுனைப் பார்த்தாள்.

“ஒரு நாள் நிஜமாவே ஒயர் கழண்டு போச்சு. சாமானையெல்லாம் தூக்கிட்டு உள்ள வந்தே. என்னைத் திட்டிக்கிட்டே ரெண்டு தட்டு சாப்பிட்டே.” டெஸ் பிடரியைச் சொறிந்துகொண்டான். “எனக்கு ஃபிரிட்ஜைப் பத்தித்தான் தெரியும், கார்மெல். வேற வழி தெரியல.”

வெளியே வெயில் தகித்தது. வண்டிக்குள் ஃபிரிட்ஜ் குளிர ஆரம்பித்திருக்கும்.

“நாளைக்கும் எனக்கு ஒரு தட்டு வை,” என்ற கார்மெல் அவனைத் தாண்டிக் கையை நீட்டி, அந்தச் சுவிட்சைத் தானே அணைத்தாள்.