வயிறு தள்ளிய எழுத்து

அந்த ஊரில் பேக்கரி, சலூன், மெடிக்கல், கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்துதான். பருத்து, வயிறு தள்ளிய எழுத்து. ஊரின் ஒரே ஃபிளெக்ஸ் கடைக்காரருக்கு வேறெதுவும் பிடிக்காது.

காலையிலிருந்து அம்மா போனை எடுக்கவில்லை என்று பதறி பஸ் ஏறிவந்த இன்பவல்லி, ஜன்னல் வழியே ஒரு ஃபிளெக்ஸில் அம்மாவின் சிரித்த முகத்தையும் அந்த எழுத்தில் 'செங்கமலம்' என்ற பெயரையும் பார்த்தாள். கீழ்ப்பாதியை ஒரு லாரி மறைத்திருந்தது. கத்தி பஸ்ஸை நிறுத்தி இறங்கி ஓடினாள். லாரியைத் தாண்டியதும் 'டிபன் சென்டர்' தெரிந்தது. அதன் கீழே, தோசைக் கரண்டியோடு அம்மா.

"சொல்லாம கடை தொறந்துட்டேன்னு கோவமாடி? கூட்டத்துல போன் எங்க கிடக்குதோ. ஏண்டி அழுவுற, எழுத்து நல்லால்லையா?"

இன்பவல்லி பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"எழுத்து இருந்துட்டுப் போவட்டும். அந்தப் போட்டோவ மட்டும் எடுத்துடும்மா."