குக்கர்தான் வெடித்தது

“குக்கர் வெடிச்சதுன்னு சொல்லு!”

“கண்ணு போற நேரத்துல பொய் என்னங்க வேண்டிக்கிடக்கு? பட்டாசுன்னே…”

“என் வேலைக்கு உலை வைக்காதே! டூட்டி டாக்டர் யாருன்னு வாசல் போர்டுல பார்த்தேல்ல?”

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே கணவன் சீறினான். காயம் வலது கண்ணில்தான். ஆனால் டாக்டர் நுழைந்ததும் துண்டால் முகம் முழுவதையும் மூடிக்கொண்டான்.

“கண்ணுல என்ன பட்டுச்சு? வெடிமருந்துன்னா உடனே கழுவணும். தாமதிச்சா பார்வை போயிடும்.”

“குக்கர்…” என்று துண்டுக்குள்ளிருந்து முனகல் வந்தது.

மனைவி முன்னால் வந்தாள். “பட்டாசு, டாக்டர்! நமத்துப்போச்சான்னு பார்க்க, பெட்டியிலேருந்து ஒண்ணே ஒண்ணு கொளுத்தினார்.”

டாக்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “லைசென்ஸ் இல்லாம வீட்டுல பட்டாசுப் பெட்டி வெச்சிருக்கறதே குற்றம்னு தெரியாதா? சட்டம்னா விளையாட்டாப் போச்சா? எங்கே வாங்கினீங்க? சொல்லுங்க, இல்லேன்னா போலீஸைக் கூப்பிடுவேன்!”

கணவன் அவள் கையைக் கிள்ளினான். அவள் உதறிவிட்டுத் துண்டை இழுத்தெறிந்தாள். அந்த முகத்தைப் பார்த்த டாக்டர் இரண்டடி பின்வாங்கினார்.

“வாங்கலைங்க. தீயணைப்பு அதிகாரியா போன வாரம் உங்க வீட்டைச் சோதனை போட்டு இவர் பறிமுதல் பண்ணினாரே, அந்தப் பெட்டிதான். முதல்ல கண்ணைக் கழுவுங்க, போலீஸை அப்புறம் கூப்பிடலாம், டாக்டர்!”